கட்டை வில்லு

இந்தக் கதையில் எனக்கு ஒன்பது வருடமாகச் சந்தேகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்கள், 'நம்பாத கதையை ஏன் எனக்குச் சொல்கிறீர்கள்' என்று கேட்கக்கூடாது. நம்பாததால்தான் சொல்கிறேன். நம்பிய கதையை யாரும் பஸ்ஸில் சொல்வதில்லை.

இல்லை, இது தூண்டில் தடி இல்லை. ஏறும்போது சாரதியும் அதைத்தான் கேட்டார். திரைச்சீலைக் கம்பியும் இல்லை. வில். வேட்டைக்குப் பாவிக்கும் வில். பயப்பட வேண்டாம், நாண் கழற்றியிருக்கிறது, அம்பு என்னிடம் இல்லை. நீங்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், இடிக்காது. கட்டை வில். அதுதான் இதன் சிறப்பு.

உங்கள் பேச்சில் தமிழ்நாடு தெரிகிறது. திருநெல்வேலியா? நல்லது. நான் சாவகச்சேரி. என் பாட்டில் கதைத்தால் உங்களுக்குப் பாதி விளங்காது என்று கொஞ்சம் புத்தகத் தமிழில் கதைக்கிறேன். மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்வேன். அதில் நான் கை வைத்தால் பிறகு அதிலும் சந்தேகம் வந்துவிடும். ஒரு சொல்லை மட்டும் முதலே சொல்லிவைக்கிறேன். நீங்கள் குட்டை என்பதை நாங்கள் கட்டை என்போம். ஆள் கட்டை, பாவாடை கட்டை, வில் கட்டை. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அது ஒரு அளவு.

நாம் பஸ் ஏறிய ஊர், பாரி, அங்கேதான் என் தங்கச்சி தவமலரின் வீடு. அவளுடைய கணவர் பெயர் சற்குணராசா. எல்லோருக்கும் சற்குணம். இன்று காலை அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஒன்பது வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. அவர் பதில் சொல்லவில்லை. கராஜ் சுவரில் இருந்த பொத்தானை அமுக்கினார். கதவு மெதுவாக மேலே போனது. வெளியே பனி குவிந்து கிடந்தது. அது என்னைப் போகச் சொன்னதா, அல்லது அவருக்குக் கொஞ்சம் காற்று வேண்டியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு வில்லை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர்களுடைய ஒரே மகள் ஆரணிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன், வேறு மாமன் கிடையாது. மணவறைக்குப் பக்கத்தில் நிற்பேனா, வீட்டில் சோபாவில் இருந்து போனில் படம் பார்ப்பேனா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. அதனால்தான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். அது அடித்தால் கதையைப் பாதியில் நிறுத்துவேன். கோபிக்கக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் சாமான் தெரிவது என் வேலை. தெரிவது என்றால் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. குளிர்ப்பெட்டி, கார், காருக்கு டயர், அப்பாவின் காதுக்கு மெஷின், எல்லாம் நான் தெரிந்ததுதான். யாரும் என்னை நியமிக்கவில்லை. எனக்கு வாசிக்கப் பொறுமை இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சோறு சமைக்கும் குக்கர் வாங்குவதென்றாலும் மாதக்கணக்கில் வாசிப்பேன். அதுவரைக்கும் பானையில் சமைப்போம். என் மனைவி இந்துமதிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் குக்கர் இன்றைக்கும் வேலை செய்கிறது.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை தெரிந்ததும் நான்தான். மூன்று சாதகம் வந்தது, மூன்று படம் வந்தது. ஒருவர் எஞ்சினியர், ஒருவர் கடைக்காரர், ஒருவர் சற்குணம். எஞ்சினியர் படத்துக்கு நிற்கும்போதே மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் சிரித்த சிரிப்பு கடன் கேட்பவரின் சிரிப்பாக எனக்குப் பட்டது. சற்குணம் நேராகப் பார்த்தார். அம்மா ஒரே பிடியாக நின்றா. 'ஆள் கட்டை. வேண்டாம்.' நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு வீட்டுக்கு என்ன தேவை, ஒரு மனிதரிடம் எது கெடும், எது கெடாது என்று எடுத்துச் சொன்னேன். உயரம் அன்றாடப் பாவனைக்கு வராத விஷயம். அம்மா கடைசியில் சம்மதித்தா. நான் பிழைவிடவில்லை. அவர் குடிப்பதில்லை. வேலைக்கு ஒரு நாள் பிந்திப் போனதில்லை. தங்கச்சியை ஒரு சொல் கடுமையாகச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அவர் வன்னி ஆள், ஊர் ஒட்டுசுட்டான். காட்டோரத்தில் பிறந்தவர்கள் வாயைத் திறந்தால் இறைச்சிதான். 'எங்கட பக்கம் மான் வத்தல் தொங்காத அடுப்படி இல்லை அண்ணை' என்பார். ஆனால் அவர் ஒரு மானைத் தானே வேட்டையாடியதாகச் சொன்னதில்லை. வேலை இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஒருநாள் ஒரு பை மான் இறைச்சி கொடுத்திருக்கிறார். அதோடு பிடித்தது. துவக்கு, உங்கள் துப்பாக்கி, வீட்டுக்குள் வரக்கூடாது என்று தவமலர் சொல்லிவிட்டாள். வில் என்றால் பரவாயில்லை என்றாள். இங்கே வில்லுக்கென்று தனியாக ஒரு வேட்டைக் காலம் இருக்கிறது. அதற்கு வகுப்பு, சோதனை, அனுமதி எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் எடுத்தார். சக்கரம் வைத்த புது மாதிரி வில்லை அவருக்குக் காட்டினார்கள். வேண்டாம் என்றார்.

'கப்பியும் கம்பியும் வைச்சது வில்லே அண்ணை? அது கிணத்தில தண்ணி அள்ளுற சாமான். எனக்கு வில்லு மாதிரி ஒரு வில்லு தெரிஞ்சு தாங்கோ.'

என்னிடம் வந்து கேட்டார், பாருங்கள். கேட்டபடியால்தான் தெரிந்தேன். நானாகப் போகவில்லை.

மூன்று மாதம் வாசித்தேன். வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், இன்றைக்கு நீங்கள் என்ன கேட்டாலும் சொல்வேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்தால் செய்த பழைய மாதிரி வில் பொதுவாக ஆள் உயரம் இருக்கும். நீளமான வில் இழுக்க இதமானது, கை கொஞ்சம் நடுங்கினாலும் மன்னிக்கும். ஆனால் காட்டில், புதர்ப் பத்தைக்குள் குந்தியிருப்பவனுக்கு அது தொல்லை. மேல் நுனி கிளையில் தட்டும், கீழ் நுனி நிலத்தில் குத்தும். மான் அந்தச் சத்தத்துக்கே போய்விடும். ஆகவே வேட்டைக்குக் கட்டை வில் நல்லது. கட்டை வில்லில் ஒரேயொரு தொல்லை. நாணை அதிகம் பின்னுக்கு இழுத்தால் அது கூராக மடிந்து, பிடித்திருக்கும் விரல்களை நெரிக்கும். கடிக்கும் என்போம். ஆனால் அது யாருக்கு? கை நீளமானவனுக்கு. கை கட்டையானவனுக்கு அந்தப் பிரச்சினையே வராது. அவன் அவ்வளவு தூரம் இழுக்கமாட்டான்.

சற்குணத்தின் கை கட்டை. அதனால் அவருக்குக் கட்டை வில்தான் பொருத்தம். கணக்கு மாதிரி. இதில் எங்கே பிழை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கடைக்கு நாலு பேர் போனோம். நான், சற்குணம், அப்போது பதினாலு வயதாக இருந்த ஆரணி, சற்குணத்தின் ஊர்ச் சிநேகிதன் பாலேந்திரன். பாலேந்திரன் முதலே வேட்டைக்குப் போகிறவன். வாய் கொஞ்சம் நீளம். கடைக்காரக் கிழவர் இரண்டு வில்லை எடுத்து வைத்தார். ஒன்று அறுபத்தெட்டு அங்குலம். மற்றது இது, ஐம்பத்தெட்டு. சற்குணம் நீளமானதைக் கையில் எடுத்தார். கடையில் ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கு முன்னால் போய் நின்றார். வில் அவர் தலைக்கு மேல் அரைச் சாண் நின்றது. இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார். 'அப்பா, சூப்பர்' என்றாள் ஆரணி.

'அண்ணை, எனக்கு இது பிடிச்சிருக்கு' என்றார்.

நான் பத்தையைப் பற்றிச் சொன்னேன். கிளையைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த வில்லை அவர் வைக்கவில்லை. 'நீட்டெண்டால்தானே வில்லு' என்றார். அப்போதுதான் அவருக்கு மனம் ஆறும்படி ஒன்று சொன்னேன்.

'கட்டை எண்டு பாக்காதையும் சற்குணம். நான் தெரிஞ்சால் பிழைக்காது. உம்மையும் கட்டை எண்டுதான் அம்மா வேண்டாம் எண்டு நிண்டவ. நான்தானே தெரிஞ்சனான். இப்ப பாரும், பதினாறு வருசமா ஒரு கரைச்சலும் இல்லை.'

ஒரு மனிதரை இதைவிட எப்படிப் புகழ்வது? அதுவும் அவருடைய மகளுக்கும் சிநேகிதனுக்கும் முன்னால். எல்லோரும் சிரித்தோம். ஆரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாலேந்திரன் கண்ணீர் வரச் சிரித்தான். சற்குணமும் சிரித்தார். நீள வில்லைக் கொண்டுபோய் அதன் கொளுவியில் வைத்துவிட்டு வந்து, 'சரி அண்ணை, நீங்கள் சொன்னால் சரி' என்றார். இந்த வில்லை எடுத்தோம். வரும் வழியில் அவர் அதிகம் கதைக்கவில்லை. புதுச் சாமான் வாங்கினால் சிலர் அப்படித்தான்.

மன்னியுங்கள், போன்.

இல்லை, மனைவி. தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோன பழத்தட்டைத் திருப்பி வாங்கி வந்தேனா என்று கேட்கிறாள். நல்ல தட்டு. இல்லை, விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கே நின்றேன்? வேட்டை. அது ஒக்டோபர் கடைசி. வேலை இடத்து வெள்ளைக்காரருடைய காணி, வடக்கே, நடுவில் சேறும் சீடர் மரப் பத்தையும். நான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். நான் வேட்டைக்காரன் இல்லை, தெரிந்து கொடுப்பவன். ஆனால் என் வில் முதல் நாள் காட்டுக்குப் போகும்போது நான் வீட்டில் இருக்க முடியாது. பாலேந்திரன் காணியின் மற்றப் பக்கம் போனான். சற்குணம் பத்தைக்குள் போனார். நான் காரில் தேத்தண்ணிப் போத்தலோடு இருந்தேன். காலையில் இருந்து மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. பொழுதுபடும் நேரம் இருவரும் திரும்பி வந்தார்கள். சற்குணம் வில்லைக் காரின் பின் மூடியில் சாத்தினார். பாலேந்திரன்தான் கேட்டான்.

'என்னடாப்பா, கண்டனியோ?'

'கண்டனான். கிடாய் மான். பெரிய கொம்பு. இந்தா, அந்த வேலிக் கட்டை தூரத்தில வந்து நிண்டது.'

'பிறகு?'

'இழுத்தன். வில்லு கட்டையெல்லோ. நாண் விரலைக் கடிச்சுப்போட்டுது. அம்பு வழுக்கி எங்கயோ போச்சு. கிடாய் ஒருக்கா என்னைப் பாத்துது. பிறகு போயிட்டுது.'

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தார். பாலேந்திரன் என்னைப் பார்த்தான்.

இதுதான் அந்தக் கதை. ஒன்பது வருடமாக நான் நம்பாதது.

ஏன் நம்பவில்லை என்று சொல்கிறேன். சாமான்களைக் காருக்குள் எடுத்து வைத்தது நான். மூடி போட்ட அம்புக்கூட்டில் அம்பு எல்லாம் இருந்தன. ஒன்றும் குறையவில்லை. 'வழுக்கிப் போனது எது' என்று கேட்டேன். 'தேடி எடுத்திட்டன்' என்றார். அந்தச் சேற்றில் விழுந்த அம்பு எப்படி இருக்க வேண்டும்? நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முனையில் மண் இல்லை, இறகில் ஈரம் இல்லை. கடையில் இருந்து வந்தபடி இருந்தன. அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் தங்கச்சியின் கணவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். அது எனக்கு விருப்பமில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. பேசாமல் காரை எடுத்தேன்.

பேசாமல் விட்டது பிழை. பாலேந்திரன் பேசாமல் விடவில்லை. அடுத்தடுத்த கிழமைகளில் கதை, எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் ஸ்காபரோ முழுக்கப் போய்விட்டது. 'குகன் அண்ணை தெரிஞ்ச வில்லு' என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. என் பெயர் குகதாசன், சொல்ல மறந்துவிட்டேன். கோயில் வாசலில் ஒருவருடைய கார் ஸ்டார்ட் வரவில்லை என்றால், 'இதுவும் குகன் அண்ணை தெரிஞ்ச வில்லுப்போல' என்றார்கள். விழாவில் மைக் வேலை செய்யாவிட்டால் அதையே சொன்னார்கள். ஒருநாள் சாமான் கடையில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண், ஒரு தேங்காய்த் துருவலையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'சீ, குகன் அண்ணை தெரிஞ்ச வில்லு' என்று திருப்பி வைத்தார். பக்கத்தில் நின்றவன்தான் குகன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. துருவலையை எடுத்துப் பார்த்தேன். அது உண்மையிலேயே மொட்டைதான்.

எனக்கு நித்திரை போய்விட்டது. சிரித்ததால் அல்ல. ஒருவேளை நான்தான் பிழையோ என்று ஒரு எண்ணம். நான் சந்தேகப்படுகிற ஆள். அடுத்தவரைச் சந்தேகப்படும் முன்னால் என்னைத்தான் சந்தேகப்படுவேன். அறுபத்திரண்டு அங்குலம் எடுத்திருக்க வேண்டுமோ? கடைக்காரக் கிழவர் அதையும் ஒருமுறை தொட்டுக் காட்டினாரோ? குளிருக்கு நாண் விறைக்கும் என்பதை நான் யோசிக்கவில்லையோ? எங்கள் வேலை இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் இதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் எழும்பியிருக்கிறேன்.

கடைசியில், பதினைந்தாவது பிறந்தநாள் என்று ஆரணிக்குக் கேக் வெட்டினார்கள். வீடு நிறைய ஆட்கள். பாலேந்திரன் வழக்கம்போல வில்லுக் கதையைத் தொடங்கினான். நான் தயாராகப் போயிருந்தேன். தையல்காரர் பாவிக்கும் நாடா ஒன்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். அளவுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒருவர் இரண்டு கையையும் விரித்தால் நுனிக்கு நுனி எவ்வளவோ, அதை இரண்டரையால் பிரித்தால் அவர் எவ்வளவு இழுப்பார் என்று வந்துவிடும். எழும்பி நின்று சொன்னேன்.

'சற்குணம், கையை ஒருக்கா விரியும்.'

அவர் கையில் கேக் தட்டு இருந்தது. 'விடுங்கோ அண்ணை' என்றார். 'இல்லை, எல்லாரும் இருக்கேக்கை ஒருக்கா முடிச்சு வைப்பம்' என்றேன். ஆரணி தட்டை வாங்கிக்கொண்டாள். அவர் கையை விரித்தார். நான் அளந்தேன். எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று உரத்துச் சொன்னேன்.

'அறுபத்திரண்டரை. கேட்டுக்கொள்ளுங்கோ, அறுபத்திரண்டரைதான். இந்தக் கைக்கு இந்த வில்லு கடிக்கவே மாட்டுது.'

யாரோ கை தட்டினார்கள். சற்குணம் கையைக் கீழே இறக்கினார். மகளிடம் இருந்து தட்டை வாங்கிக் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு கராஜுக்குப் போய் வில்லை எடுத்துக்கொண்டு வந்து என் காரின் பின் சீட்டில் வைத்தார்.

'கொண்டு போங்கோ அண்ணை. உங்கட சாமான்.'

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் பாரிக்கு மாறிப் போய்விட்டார்கள். வேலைக்காக என்றார்கள். தவமலர் எப்போதாவது, அவர் இல்லாத நேரம் பார்த்து, போன் எடுப்பாள். ஒருமுறை அவளிடம் கேட்டேன். 'நான் என்ன பிழை செய்தனான்? கணக்குச் சரிதானே?' 'அண்ணா, அண்டைக்குக் கடையில என்ன கதைச்சனீங்கள் எண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையே?' என்றாள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீளமானது கிளையில் தட்டும் என்றேன், கட்டையானது தட்டாது என்றேன். அதையே அவளுக்குத் திரும்பச் சொன்னேன். 'சரி அண்ணா, அடுப்பில கறி இருக்கு' என்று வைத்துவிட்டாள்.

வில் எங்கள் வீட்டு நிலவறையில் தொங்கியது. நானே நாண் ஏற்றி இழுத்துப் பார்த்தேன். என் விரலைக் கடித்தது. நன்றாகவே கடித்தது. அப்படியானால் சற்குணம் சொன்னது உண்மை. ஒரு முழு மாரிகாலம் அதை நம்பினேன். இந்துமதியிடம்கூடச் சொல்லிவிட்டேன், 'நான்தான் பிழை' என்று. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். 'அதை என்னட்டச் சொல்லி என்ன? அவரட்டப் போய்ச் சொல்லுங்கோ' என்றாள். போய்ச் சொல்லத்தான் இருந்தேன். சப்பாத்துக்கூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் யோசனை வந்தது, நான் உயரம். என் கை நீளம். என் கையில் கடித்தால் அவர் கையில் கடிக்கும் என்று என்ன சாட்சி? சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். நல்லவேளை. இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய கைகள் இரண்டே இரண்டு. அவை பாரியில் இருந்தன.

போன கிழமை தவமலர் போன் எடுத்தாள். இந்த முறை அவர் வீட்டில் இருக்கும்போதே எடுத்தாள்.

'அண்ணா, பிள்ளைக்குக் கலியாணம். மாமா வராமல் நான் மணவறையில ஏறமாட்டன் எண்டு நிக்கிறாள். இவரும் ஓம் எண்டிட்டார். நீங்கள் ஒருக்கா வந்து இவரோட முகம் குடுத்துக் கதைச்சிட்டுப் போங்கோ. அவ்வளவுதான். வில்லைப் பற்றி மட்டும் ஒண்டும் கதையாதேங்கோ.'

இந்துமதி பழத்தட்டு ஒழுங்குபண்ணித் தந்தாள். நான் நிலவறைக்குப் போய் இதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

'ஐயோ, இதேன்?'

'கதைக்கமாட்டன். கொண்டுபோறன், அவ்வளவுதான்.'

'ஒண்டில் தட்டைக் கொண்டுபோங்கோ, இல்லாட்டில் வில்லைக் கொண்டுபோங்கோ. ரெண்டையும் கொண்டுபோனால் ஆக்கள் என்னெண்டு நினைப்பினம்?'

இரண்டையும் கொண்டு போனேன். அவருடைய சாமானை அவரிடம் திருப்பிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

தவமலர் கதவைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு வில் இருந்த பையைப் பார்த்தாள். பழத்தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். ஆரணி ஓடிவந்து, 'மாமா' என்று கட்டிப்பிடித்தாள். என் தோள் வரை வளர்ந்துவிட்டாள். தகப்பனைவிட உயரம். சொல்ல வாயெடுத்தேன், தாய் தேத்தண்ணி போடக் கூப்பிட்டதில் அது அப்படியே போய்விட்டது.

சற்குணம் கராஜில், பனி தள்ளும் மெஷினைப் பிரித்து வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. 'வாங்கோ அண்ணை' என்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். மண்டபத்தைப் பற்றிக் கதைத்தோம். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கதைத்தோம். நான் வில்லைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அது என் முழங்காலில் சாத்தியிருந்தது. அவர்தான் கேட்டார்.

'கொண்டு வந்திருக்கிறியள்.'

'ஓம்.'

கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். பையைக் கழற்றினார். ஒரு காலை உள்ளே விட்டுத் தொடையில் வளைத்து நாண் ஏற்றினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கை தடுமாறவில்லை. பிறகு இழுத்தார். முழுதாக, கன்னம் வரைக்கும். நான் அவருடைய விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாண் விரல்களில் இதமாகக் கிடந்தது. நெரிக்கவில்லை, மடியவில்லை. நான் நினைத்தபடியே. அம்பு இல்லாமல் நாணை விடக்கூடாது, வில் உடைந்துவிடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து, நாணைக் கழற்றி, பையில் போட்டு, என் கையில் தந்தார்.

'அண்ணை, பந்தலில நீங்கள்தான் நிக்கவேணும். பிள்ளையின்ர ஆசை. எனக்கும் மனசில ஒண்டும் வைச்சுக்கொண்டு அந்த நாளில நிக்க விருப்பமில்லை. அதால ஒண்டு சொல்லுறன்.'

தவமலர் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

'அண்டைக்கு மான் ஒண்டும் வரேல்லை அண்ணை. நான் வில்லை இழுக்கவே இல்லை. விடியத் துவங்கிப் பொழுதுபடுமட்டும் அந்தப் பத்தைக்குள்ள குந்தியிருந்து, நீங்கள் கடையில சொன்ன கதையைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். பதினாறு வருசமா எனக்கு அது தெரியாது. மாமி என்னைக் கட்டை எண்டு வேண்டாமெண்டவ எண்டு. பிள்ளையும் சிரிச்சவள்.'

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒன்றுக்குக் காத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி. தவமலரும் என்னைத்தான் பார்த்தாள்.

நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக யோசித்தேன். மான் வரவில்லை. மான் வரவில்லையென்றால் வில்லை இழுக்கவில்லை. இழுக்கவில்லையென்றால் அம்பில் மண் இருக்க வழியில்லை. எல்லாம் பொருந்தியது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக எல்லாம் பொருந்தியது. கடையில் சொன்னதையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அதில் நான் அவரை நல்லதாகத்தான் சொல்லியிருந்தேன். அதனால் அதில் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை. கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேட்டேன்.

'அப்ப சற்குணம், வில்லில ஒரு பிழையும் இல்லை, என்ன?'